குற்றாலச் சாரலும் குருதிக் கொதிப்பும்

தென்காசிக்கு மேற்கே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது திருக்குற்றாலம். ஆனி, ஆடி, ஆவணித் திங்கள்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து, மலைக்கு அப்பால் பெய்யும் பெருமழையின் சிறு திவலைகளை இப்பால் தூவுகின்றது. அக்காலத்தே சிற்றாறு மலைமுகட்டினின்றும் இழிந்து, இடையிலுள்ள பொங்குமாகடல் என்னும் பாறைக் குழியில் தன் வேகம் தணிந்து, பேரருவியாய்க் கீழே வீழ்கின்றது. அதன் கீழ் நின்று நீராடுதற்குத் தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மக்கள் திரள்கின்றனர்.

அங்ஙனம் திரள்வோருள் ஒரு சாரார் நோய் தீரும் பொருட்டு வருவோர். 'குற்றால நீர் இரத்தக் கொதிப்பை ஆற்றும்' என்பது தென்பாண்டி நாட்டில் பலரும் கூறக் கேட்கலாம். மூலிகைகளினூடே பாய்ந்து வரும் நீராதலின் அதற்கு அவ்வாற்றல் உண்டு என்பர். அகத்தியர் இருந்த மலை என்பர். குறவஞ்சியிலேயே இதற்குச் சான்று உண்டு என்றும் சிலர் கூறுவர். சாரற்காலத்தில் பத்து நாள் அருவியாடினாற் போதும் என்று கருதி, மருத்துவர் அளித்த மாத்திரையை நிறுத்திவிட்டு வருவோரும் உளர். ஓர் உயிரின் நலம் இலக்கியச் சான்று ஒன்றன்மேல் நிறுத்தப்படுமாயின், அச்சான்று அப்பாரத்தைத் தாங்குமா என்று நோக்குதல் தமிழ் பயில்வார் கடனாகும். பழம்பாடல்களும் தலமரபும் மருத்துவ நூல்களும் குற்றாலத்தைக் குறித்தும் உடல் ஓம்பலைக் குறித்தும் கூறுவன யாவை, கூறாதன யாவை என்று பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் வழக்கு

முதலில் நோயின் பெயரை எடுத்துக்கொள்வோம். 'கொதிப்பு' என்பது நீர் முதலியன தீயால் பொங்குதலைக் குறித்துப் பின்னர்ச் சினத்தைக் குறித்த சொல். 'இரத்தம் கொதிக்கிறது' என்று ஒருவன் கூறுவானாயின், அவன் சினங்கொண்டான் என்பதன்றி நோயுற்றான் என்று எவரும் கொள்ளார். சினத்தைக் குறிக்க வழங்கிய இத்தொடரே பின்னர்க் குருதியழுத்த மிகுதி என்னும் நோய்க்குப் பெயராயிற்று. முகம் சிவத்தல், தலை கனத்தல், படபடப்பு ஆகியன சினத்திற்கும் இந்நோய்க்கும் பொதுவென்று மக்கள் எண்ணியமையே இதற்குக் காரணமாதல் வேண்டும். உண்மையில் இந்நோயாளருட் பெரும்பாலார்க்கு இவ்வடையாளங்களுள் ஒன்றேனும் தோன்றுவதில்லை.

பெயர் கருத்தை ஆளும் வன்மையுடையது. 'கொதிப்பு' என்று பெயரிட்டவுடன் அதனைக் 'குளிர்விக்க' வேண்டும் என்னும் எண்ணம் தானே எழுகின்றது. கொதிப்பதற்கு மருந்து தண்ணீர். தண்ணீரிற் சிறந்தது அருவிநீர். அருவியிற் சிறந்தது குற்றாலத்தருவி. உவமையினின்று மருத்துவம் பிறந்த வரலாறு இதுவே. ஆயின் அழுத்தம் என்பது வெப்பமன்று. நெஞ்சம் சுருங்கிக் குருதியை உந்தும்போதும், பின் விரியும்போதும் குழாய்களின் சுவரில் அக்குருதி செலுத்தும் விசையே அது. ஆதலின் அதனை இரண்டு எண்களால் குறிப்பர். 120/80 என்பது போன்ற அளவு இயல்பு. பலமுறை அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நிற்பின் அது நோய் என்பது மருத்துவர் பலரும் கைக்கொள்ளும் வரையறை. எண்கள் பாதரச மில்லிமீட்டர் அளவின.

இவ்வளவை அறியும் கருவியின் வரலாறு நெடியதன்று. ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் குதிரையொன்றின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, அதனுள் குருதி எட்டடிக்கு மேல் ஏறியதைக் கண்டு 1733இல் நூலில் வெளியிட்டார். மாந்தர் கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவியை இத்தாலியரான ரிவா ரோச்சி 1896இல் அமைத்தார். காதுக்குழல் கொண்டு ஒலியைக் கேட்டு இரண்டு எண்களையும் அறியும் முறையை 1905இல் உருசிய மருத்துவர் கொரொட்கோவ் வெளியிட்டார். எனவே அளவால் வரையறுக்கப்பட்ட, அறிகுறி காட்டாத ஒரு நோயாக இது அறியப்பட்டது இருபதாம் நூற்றாண்டில்தான்.

இதனால் பெறப்படுவது ஒன்றுண்டு. சித்த மருத்துவ நூல்களில் தலைச்சுற்றல், மயக்கம், படபடப்பு, பித்த மிகுதி என்று வரும் இடங்களையெல்லாம் எடுத்து, 'இதுவே அன்று அறியப்பட்ட இரத்தக் கொதிப்பு' என்று துணிதல் பொருந்தாது. நாடி நூலார் வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றனையும் ஒன்று, அரை, கால் என்னும் மாத்திரை அளவில் உணர்ந்தனர். அது நாடியின் நடை பற்றிய அறிவு. குழாய்ச் சுவரின்மேல் உள்ள விசையின் அளவன்று. விரலால் தொட்டு 160க்கும் 130க்கும் வேற்றுமை கூறல் இயலாது. அவர்கள் அறியாததை அறிந்ததாகக் கூறுதல் அவர்களுக்குப் பெருமை சேர்ப்பதாகாது. அவர்கள் அறிந்தது வேறொன்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

பாடல்களிற் குற்றாலம்

திருஞானசம்பந்தர் குற்றாலத்தின்மேல் ஒரு பதிகமும், அத்தலத்துக் குறும்பலாவின்மேல் ஒரு பதிகமும் அருளியுள்ளார். அவற்றுள் மலைவளமும் சோலையும் வண்டின் இசையும் பாடப்பெறுகின்றன. நீர் நோய் தீர்க்கும் என்னும் செய்தியைத் தேடிச் செல்வோர்க்கு அங்கே கிடைப்பது சிறிது. இடையே சொல்லாராய்ச்சிக் குறிப்பு ஒன்று: 'சாரல்' என்பது பழந்தமிழில் மலைப்பக்கத்தைக் குறித்தது, குற்றாலப் பதிகத்திலும் அப்பொருளிலேயே வருகின்றது. மலைப்பக்கத்தில் காற்றோடு தூவும் மழை பின்னர் அப்பெயர் பெற்றது. இன்று தென்காசியில் 'சாரல் விழுந்துவிட்டது' என்றால் மழையைத் தவிர வேறு பொருள் கொள்வாரில்லை.

தென்காசியை அடுத்த மேலகரத்தில் தோன்றிய திரிகூடராசப்பக் கவிராயர், குற்றாலத் தலபுராணமும் குறவஞ்சியும் இயற்றிய பெரும்புலவர். 1706 முதல் 1732 வரை மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் குறவஞ்சியின் பொருட்டு அவருக்கு நிலம் அளித்தார். அந்நிலம் குறவஞ்சி மேடு என்று வழங்கலாயிற்று. குறத்தி மலைவளம் கூறும் பகுதியில், வானில் இயங்கும் சித்தர்கள் அடிக்கடி வந்து காயசித்தி விளைப்பதாக ஒரு குறிப்பு வருகின்றது. மருத்துவச் சான்றென்று காட்டப்படுவது இதுவே. அதே பகுதியில், அருவித் திரை கதிரவன் தேர்வரை எழுந்து குதிரைகளின் காலையும் சக்கரத்தையும் வழுக்கச் செய்வதாகவும் கவிராயர் பாடுகின்றார். பின்னதை உயர்வுநவிற்சி என்று கொண்டு சுவைத்துவிட்டு, முன்னதை மட்டும் மருத்துவக் குறிப்பு என்று கொள்வது எந்த உரைநெறிக்கும் ஒவ்வாது. இரண்டும் தன் மலையின் பெருமையைக் கூறும் குறத்தியின் சொற்கள். மேலும், காயசித்தி என்பது உடலை அழியாததாக்கும் சித்தர் சாதனை. நீராடுவோர் பெறும் பயனாக அது அங்குக் கூறப்படவும் இல்லை.

குறவஞ்சியிற் குளிர்ச்சி பற்றிய வேறொரு செய்தி உண்டு. திரிகூடநாதரைக் கண்டு காதல்கொண்ட வசந்தவல்லிக்கு உடல் வெதும்புகின்றது. குளிர்ந்த நிலவு அவளுக்கு நெருப்பாகின்றது. அவள் அதனைப் பழிக்கின்றாள். இது அகப்பாடல் மரபில் வழிவழி வந்த பொருளே. எனினும், வெம்மையைத் தண்மை ஆற்றிவிடும் என்னும் எளிய கணக்கைத் தமிழ்க் கவிஞர் அவ்வளவு எளிதாக நம்பவில்லை என்பதைக் 'கொதிப்பு' மருத்துவர் நோக்குதல் நன்று.

பின்னர்க் கும்பினியார் காலம் வந்தது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 அடி உயரமே உடையதாயினும், கணவாய்க் காற்றினால் உயர்ந்த மலைகளுக்குரிய தட்பத்தைச் சாரற்காலத்தில் பெறும் இவ்வூர், நெல்லைச் சீமையில் பணியாற்றிய ஆங்கிலேயர்க்கு உடல் தேற்றும் உறைவிடமாயிற்று. சாதிக்காய், கிராம்பு முதலியவற்றுக்குத் தோட்டங்களும் இங்கு அமைந்தன. பயிர்நூல் வல்லுநரான ராபர்ட் வைட் 1830களில் இம்மலையில் செடிகொடிகளைத் திரட்டினார். 1904இல் கொல்லத்துக்கும் திருநெல்வேலிக்கும் இடையே தென்காசி வழியாக இருப்புப் பாதை இயங்கத் தொடங்கியபின், இளைப்பாறச் சென்று தங்கும் வழக்கம் மற்றையோர்க்கும் எளிதாயிற்று. இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் இறுதிக் காலத்தில் இங்கேயே உறைந்து 1954இல் மறைந்தார். இராசாசியும் கல்கியும் அவரைத் தேடி இங்கு வந்ததைத் தமிழுலகம் அறியும். உடல்நலத்துக்காகக் குற்றாலம் செல்லுதல் என்னும் கருத்து இவ்விரு நூற்றாண்டுகளில் உரம்பெற்றது. அங்ஙனம் வந்தோர் அருவியாடியதோடு நின்றாரல்லர். அலுவல் நீங்கி, வேளையில் உண்டு, மலைவழி நடந்து, இரவில் நன்கு உறங்கினர். பேரருவிக்கு மேலே செண்பகாதேவி அருவிக்கும், அதனினும் மேலே தேனருவிக்கும் அந்நாளில் காட்டுவழியே நடந்துதான் சென்றனர். பயன் விளைந்திருப்பின், அதனை நீருக்கு மட்டும் உரிமையாக்குவது எங்ஙனம்?

தலமரபு கூறுவது

பலரும் நோக்காத சான்று ஒன்று குற்றாலநாதர் கோயிலிலேயே உள்ளது. திருமால் வடிவாக இருந்ததை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்பது தலவரலாறு. அவ்வாறு அழுத்தியமையால் இறைவனுக்குத் தலைவலி உண்டாயிற்றாம். அதனைத் தணிக்க மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலம் நாள்தோறும் சாத்தப்படுகின்றது. மேலும், அருவியின் அருகே இடையறாத குளிரில் இருத்தலால் காய்ச்சல் வாராதிருக்கும் பொருட்டு, அர்த்தசாம வழிபாட்டில் சுக்கு, மிளகு, கடுக்காய் முதலியவற்றால் ஆகிய கசாயம் படைக்கப்படுகின்றது. இதனைக் 'குடுனி நைவேத்தியம்' என வழங்குவர். 'குடிநீர்' என்பது கசாயத்திற்குச் சித்த மருத்துவத்தில் வழங்கும் பெயராதலின், குடுனி என்பது அதன் மரூஉ எனக் கொள்ளலாம்.

இம்மரபின் உட்பொருளை நோக்குக. குற்றாலத்து மக்கள் தம் அருவிநீரை மருந்து என்று கருதியிருப்பின், அவ்வருவியின் மருங்கிலேயே உறையும் இறைவனுக்கு மருந்து வேண்டுவதில்லை. அவர்களோ தலைக்கு எண்ணெயும் வயிற்றுக்குக் கசாயமும் வகுத்தனர். குளிர்நீரில் இடையறாது இருப்பது உடலுக்கு ஓர் உழைப்பு என்றும், அதற்கு ஈடாக நாள்தோறும் தவறாத ஒழுங்கு வேண்டும் என்றும் அவர்கள் கண்டனர். நீரைப் போற்றிய ஊர் ஒழுங்கையே மருந்தாகக் கொண்டது என்பது நாம் கொள்ளத்தக்க முடிபு.

இந்நாளைய ஆராய்ச்சியும் இதற்கு அரண் செய்கின்றது. 1932இல் அமெரிக்க மருத்துவர் ஹைன்ஸ், பிரவுன் ஆகிய இருவரும் ஒருவரது கையைப் பனிநீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, அழுத்தம் விரைந்து ஏறுவதைக் கண்டனர். குளிர் பட்டவுடன் தோலின் குழாய்கள் சுருங்குதலே காரணம். குற்றால நீர் பனிநீர் அன்று. எனினும் திடுமெனத் தலையில் வீழும் குளிர்நீர் அழுத்தத்தை அப்போதைக்குச் சிறிது ஏற்றுமேயன்றி இறக்காது. இயல்பான உடலினர்க்கு இதனால் தீங்கில்லை. அழுத்தம் மிக ஏறியவரும் நெஞ்சுநோய் உடையவரும் நேரே பேரருவியின் கீழ்ப் புகுதல் தகாது. நீராடியபின் பெறும் உளத்தெளிவும் உறக்கமும் நல்லனவே. அவற்றை நோய் நீக்கம் என்று கொண்டு மாத்திரையை விடுதலே தீங்கு.

அளவு என்னும் கோட்பாடு

தமிழர் இத்துறையில் உண்மையாக அறிந்தது எது? திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் பத்துப் பாட்டுடையது. மருந்தென்று தலைப்பிட்டும் அதில் ஒரு மருந்தின் பெயரும் இல்லை. மிகுதலும் குறைதலும் நோய் செய்யும் என்று தொடங்கி, முன்னுண்டது செரித்ததை அறிந்து உண்ணல், பசித்தபின் உண்ணல், மாறுபாடில்லாத உணவை அளவறிந்து உண்ணல் என்று உணவொழுக்கத்தையே விரித்துரைக்கின்றார் வள்ளுவர். இறுதியிலே மருத்துவனும் நோயாளியும் வருகின்றனர். பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவை நீராடுதற்கும் உண்ணுதற்கும் துயிலுதற்கும் விதி கூறுவது. திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்னும் நூற்பெயர்கள் மருந்துப் பெயர்களாயிருக்க, உள்ளே கூறப்படுவன ஒழுக்கங்களாயிருத்தலும் எண்ணத்தக்கது. மருந்தும் ஒழுக்கமும் நம் முன்னோர் உள்ளத்தில் ஒரு சொல்லின் இரு பொருளாய் நின்றன.

தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி இவ்வகையிற் சிறந்தது. தென்காசி, கடையம் பகுதியிலுள்ள தோரணமலையை அகத்தியரும் தேரையரும் உறைந்த இடமாக இவ்வட்டாரத்தார் போற்றுவர். அரசன் ஒருவன் தலையினுள் இருந்த தேரையை நீர்க்கலம் காட்டி வெளியேற்றிய மாணவரே தேரையர் என்னும் கதையும் அம்மலையோடு சேர்த்துக் கூறப்படுவது. அவ்விதி ஒரு நாட்குறிப்புப் போல நடக்கின்றது: நாளொன்றுக்கு இருபொழுது உணவு, பகலில் துயிலாமை, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, நான்கு திங்களுக்கு ஒருமுறை பேதி, நீரைக் காய்ச்சியும் மோரைப் பெருக்கியும் நெய்யை உருக்கியும் உண்ணல். இவற்றுள் இன்று ஏற்கத்தக்கன சில. பேதி மருந்தை இந்நோயாளர் தாமே உட்கொள்ளுதல் தவிர்க்கத்தக்கது. எனினும், நோய் வருமுன் நாளும் பொழுதும் வகுத்துக் காத்தல் என்னும் கொள்கை முழுமையாக அங்கே உளது.

உப்பு

குருதியழுத்தத்தோடு நேரே தொடர்புடைய பொருள் உப்பு. ஆதலின் இதனைச் சற்று விரித்துக் காண்போம். சங்க காலத்தில் உப்பு அரிய பண்டம். உமணர் நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றிக் குன்றும் காடும் கடந்து உள்நாட்டுக்குக் கொணர்ந்தனர். நெல்லுக்கு ஈடாக உப்பை விலைகூறிய மகளிரை அகநானூறு காட்டுகின்றது. கிடைத்தற்கு அரிதாயிருந்த பொருள் தானே அளவுக்குள் நின்றது. வள்ளுவர் ஊடலுக்கு உப்பை உவமையாக்கியபோதும், அமைய வேண்டிய அளவையும் அதனினும் சிறிது மிகுவதன் கேட்டையுமே கருதினார்.

இன்று நிலை மாறிவிட்டது. தூத்துக்குடி உப்பளங்கள் அருகிலிருக்க, தென்காசியில் உப்புக்குப் பஞ்சமில்லை. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு என்று உப்பிட்டுக் காக்கப்பட்ட பண்டங்கள் ஒருபுறம். கடைத் தின்பண்டங்கள் மறுபுறம். நாளொன்றுக்கு ஒருவர் 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ணல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. இந்திய நாட்டில் உண்ணப்படுவது 8 முதல் 11 கிராம் வரை என்பர். 32 நாடுகளில் 52 இடங்களில் நடைபெற்று 1988இல் வெளியான பேராய்வில், உப்பை அறவே அறியாத பிரேசில் காட்டு யானொமாமி மக்களுக்கு முதுமையிலும் அழுத்தம் ஏறுவதில்லை என்பது புலனாயிற்று. அவ்வாய்வில் தில்லியும் லடாக்கும் இடம்பெற்றிருந்தன.

சித்த மருத்துவர் விதிக்கும் பத்தியங்களுள் உப்பில்லாப் பத்தியம் என்பது ஒன்று. சோறும் மிகச் சில துணைப்பொருள்களுமே அதில் அமையும். புளியும் உப்பும் விலக்கிய அவ்வுணவை நம் பாட்டியர் கண்டிப்புடன் நடத்தினர். 1940களில் அமெரிக்க நாட்டு டியூக் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கெம்ப்னர் என்னும் செருமானிய மருத்துவர், கொடிய குருதியழுத்தம் உற்றோர்க்கு அரிசிச் சோறும் பழமும் சருக்கரையும் மட்டும் அளித்து, உப்பை ஏறக்குறைய முற்றும் நீக்கினார். பலர்க்கு அழுத்தம் இறங்கியது. விரிந்த நெஞ்சம் சுருங்கியது. கண்ணின் உட்படலக் கேடு தணிந்தது. அக்காலத்தே இந்நோய்க்குத் தக்க மருந்து இருந்ததில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட்டே 1945இல் அழுத்தம் கட்டின்றி ஏறிக் குருதிக்குழாய் வெடித்து இறந்தார். அந்நிலையில் சோற்றுப் பத்தியம் உயிர் காத்தது வியப்புக்குரியதே. எனினும் கெம்ப்னர் நம் பத்தியத்தைக் கற்றுச் செய்தார் என்று கூறுதற்கு இடமில்லை. இரண்டும் வெவ்வேறு வழியில் ஓரிடத்தை அடைந்தன. வேறுபாடு யாதெனில், அவர் ஒவ்வொரு நோயாளரின் அளவையும் எழுதி வைத்தார்.

சோறு மட்டுமே உண்ணும் அக்கடுமை இன்று வேண்டப்படுவதில்லை. 1997இல் வெளியான டேஷ் என்னும் ஆய்வு, உப்பை மாற்றாமலே காய், கனி, கொழுப்பு நீக்கிய பால் ஆகியவற்றை மிகுத்து, ஏற்கெனவே அழுத்தம் உடையோர்க்கு மேலெண்ணில் 11க்கு மேலும் கீழெண்ணில் 5க்கு மேலும் இறக்கம் கண்டது. உப்பையும் குறைத்தால் பயன் மிகும் என்பதை அதன் தொடர்ச்சி 2001இல் காட்டியது. உடற்கொழுப்பு மிக்கவர் ஒரு கிலோ எடை குறைந்தால் ஏறத்தாழ ஓர் எண் இறங்கும். வாரம் 150 நிமிடம் விரைந்து நடத்தலும், மது விலக்கலும் துணைசெய்யும். கீரையும் இளநீரும் பழமும் தரும் பொட்டாசியம் நன்மை பயக்கும். சிறுநீரகம் நலிந்தவர்க்கு மட்டும் அது தீங்காகலாம். அவர் மருத்துவரைக் கேட்டே கொள்ளல் வேண்டும். கல்லுப்பும் இந்துப்பும் இயற்கையானவை ஆதலின் தீங்கற்றவை என்னும் எண்ணம் பிழை. அவையும் பெரும்பாலும் அதே உப்பே.

'இயற்கை' என்னும் சொல்லைக் குறித்தும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலும் வளரும் சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர் நாட்டு மருத்துவத்தில் வழங்கியது. அதற்கு அழுத்தம் குறைக்கும் ஆற்றல் உண்டென்பதைக் கல்கத்தாவின் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் 1931இல் எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் தம் ஆய்வை இங்கிலாந்து இதழில் வெளியிட்டபின் உலகம் அதனை ஏற்றது. 1952இல் அதிலிருந்து ரெசெர்ப்பின் பிரிக்கப்பட்டது. அளவு மிகின் அதுவே ஆழ்ந்த மனச்சோர்வை உண்டாக்கிற்று. இருமலுக்குச் சுவைக்கும் அதிமதுரமோ மிகுதியும் உண்டால் அழுத்தத்தை ஏற்றும். மூலிகை நீராதலின் நன்மையே செய்யும் என்று கூறுவார் இவ்விரண்டையும் எண்ணிப் பார்ப்பாராக.

உளப்பயிற்சித் துறையிலும் இத்தகைய அளந்தறிதல் நம் நாட்டில் நடந்தது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் மூச்சொழுங்கை விரித்துரைப்பது. பம்பாயில் கே. கே. தாத்தே என்னும் மருத்துவர் சவாசனம் என்னும் கிடைப்பயிற்சியை 47 நோயாளர்க்குக் கற்பித்து, பலர்க்கு அழுத்தம் இறங்கியதையும் சிலர்க்கு மருந்தின் அளவு குறைந்ததையும் 1969இல் வெளியிட்டார். சிலர்க்குப் பயன் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்நேர்மையே அவ்வாய்வுக்கு மதிப்பளிப்பது.

இனி, இன்றைய சாரற்காலத்தைக் காண்போம். பேருந்திலும் காரிலும் வந்து இறங்குவோர் ஒரு நாளில் மூன்று அருவி ஆடுகின்றனர். ஆடியபின் பசி கிளர்கின்றது. செங்கோட்டைச் சாலையில் பரோட்டாவும் கோழி வறுவலும், வழியெங்கும் உப்பிட்ட நேந்திரங்காய் வறுவலும், இறுதியில் அல்வாவும் உண்டு, இரவெல்லாம் விழித்து ஊர் திரும்புகின்றனர். நீராடல் ஒன்றே எஞ்ச, அதனைச் சூழ்ந்திருந்த நடையும் உறக்கமும் உணவொழுங்கும் கழிந்துபோயின. அதே சாலையோரத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் பலாச்சுளையும் குவித்து வைக்கப்பட்டிருத்தலையும் கூறாமல் விடலாகாது. உப்பின்றியே உண்ணத்தக்க பண்டங்கள் அவை.

தென்காசி 2019ஆம் ஆண்டு நவம்பர் 22இல் தனி மாவட்டமாயிற்று. 2021 ஆகஸ்டு 5இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால், அழுத்தம் அளக்கும் கருவி வீட்டு வாயிலுக்கே வந்தது. அளந்து பார்த்து, எண்ணை எழுதிக்கொண்டு, உணவையும் நடையையும் திருத்தி, மீண்டும் அளந்து, இறங்கியிருப்பின் மருத்துவர் சொற்படி மருந்தைக் குறைத்தல் என்பதே இயற்கை முறையில் அழுத்தம் தணித்தலின் நேரிய வழி. மிக ஏறிய அழுத்தத்துக்கு மாத்திரையும் ஒழுக்கமும் ஒருங்கே வேண்டும்; ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

கலைச்சொல் ஆக்குவோர்க்கு ஒரு விண்ணப்பம். மேனிலைப் பாடநூல்களிலும் அகராதிகளிலும் 'இரத்தக் கொதிப்பு' என்பதைத் தலைச்சொல்லாக வைத்தலைத் தவிர்த்து, 'மிகு குருதியழுத்தம்' என்பதை வைத்தல் நலம். கொதிப்பு என்பதனை உலகவழக்கு என்று குறித்துச் சேர்க்கலாம். பேச்சு வழக்கில் 'பிரஷர்' என்று மக்கள் கூறுவது பிறமொழிச் சொல்லேயாயினும், பொருளளவில் கொதிப்பினும் அதுவே செம்மையுடையது.